விழுந்தவர் கண்ட பாதை

ஹோண்டா என்ற பெயரை அறியாதவர் நம் ஊரில் இல்லை. 1980-களில் அந்தப் பெயர் தாங்கிய வண்டிகள் நம் நாட்டில் ஓடத் தொடங்கி, பட்டிதொட்டிகளிலெல்லாம் நுழைந்துவிட்டன. ஆனால் அது ஒரு கொல்லர் மகனின் பெயர் என்பதும், அவர் பந்தயத்தில் கார் ஓட்டிப் படுகாயமடைந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது. பிற்காலத்தில் உலகம் மெச்சும் பந்தயப் பாதை ஒன்று ஜப்பானில் உருவாகக் காரணமாயிருந்தவரும் அவரே. வண்டி செய்தவர் என்று அவரைப் புகழ்வோர் அநேகர். வண்டி ஓட வேண்டிய பாதையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து பார்ப்போம்.

மரத்தின் மேல் ஒரு சிறுவன்

சோயிசிரோ ஹோண்டா 1906-ம் வருஷம் நவம்பர் 17-ந் தேதி, ஹமமட்சு நகரை அடுத்த கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லர். பின்னாளில் சைக்கிள் பழுது பார்க்கும் கடையும் வைத்தார். தாய் மிகா தறி நெய்வதில் கெட்டிக்காரி. சிறுவனுக்குப் பள்ளிப் பாடத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை. யந்திரம் என்றால் உயிர். கிராமத்துக்கு முதன் முதலாக ஒரு மோட்டார் கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடினான். அது நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயை மோந்து பார்த்து மெய் மறந்து நின்றான்.

1917-ம் வருஷம் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமட்சுவில் ஆகாய சாகசம் செய்து காட்ட வந்தார். சிறுவன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சைக்கிள் பெரியது, கால் எட்டவில்லை. குரங்குப் பெடல் போட்டே சுமார் 20 கிலோமீட்டர் போனான். போன இடத்தில் நுழைவுக் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு போதவில்லை. அதற்காக அவன் திரும்பிவிடவில்லை. பக்கத்திலிருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து, விமானம் குட்டிக்கரணம் போடுவதைக் கண் குளிரப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

பூகம்பத்தில் பிடித்த ஸ்டீயரிங்

1922-ம் வருஷம், பதினைந்து வயதில், டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கார் பழுது பார்க்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கார்களைத் தொடலாம் என்று ஓடி வந்தவனுக்கு முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தரையைப் பெருக்குவதும்தான். பல மாதங்கள் பொறுத்திருந்த பிறகே ஸ்பானர் கைக்கு வந்தது.

1923-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பெரும் பூகம்பம் டோக்கியோவைக் குலுக்கியது. நகரெங்கும் தீ மூண்டது. பழுது பார்க்க வந்திருந்த கார்களைக் காப்பாற்ற வேண்டும். அதுவரை தெருவில் கார் ஓட்டியறியாத இளைஞர் ஹோண்டா ஒரு காரில் ஏறி, அலறி ஓடும் ஜனக் கூட்டத்தினூடே அதைப் பத்திரமான இடத்துக்கு ஓட்டிச் சென்றார். அவர் காரோட்டக் கற்ற முதல் பாடம் அதுவே!

முதலாளி சகாகிபாராவுக்குப் பந்தயக் கார் கட்டுவதில் பித்து இருந்தது. கர்ட்டிஸ் என்ற பழைய விமான யந்திரத்தை ஓர் அமெரிக்கக் காரின் சட்டத்தில் பொருத்தி, அவர்கள் சொந்தமாகவே ஒரு பந்தயக் கார் செய்தார்கள். பகலெல்லாம் பிறர் காருக்கு உழைப்பு, இரவில் தங்கள் காருக்கு உழைப்பு. 1924-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி நடந்த பந்தயத்தில் அந்தக் கார் முதலிடம் பெற்றது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து யந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர் பதினெட்டாம் வயதில் அடியெடுத்து வைத்திருந்த ஹோண்டா.

அக்காலத்தில் ஜப்பானில் நிலையான பந்தயப் பாதை எதுவும் கிடையாது. கடலோரத்தில் தூர்த்த நிலம், வெட்டவெளித் திடல் ஆகியவையே களம். ஆர்வமுள்ளவர்கள் ஒன்றுகூடி, தரையில் எல்லை குறித்து, புழுதி பறக்க ஓட்டுவார்கள். எல்லைக் கோட்டைத் தவிர ஓட்டுபவருக்கும் இல்லை பாதுகாப்பு, வேடிக்கை பார்ப்பவருக்கும் இல்லை.

ஆற்றங்கரையில் நேர்ந்த விபத்து

1928-ம் வருஷம் ஹோண்டா ஹமமட்சுவில் சொந்தமாக ஒரு கிளை திறந்தார். தொழில் செழித்தது. ஆனால் பந்தய ஆசை விடவில்லை. ஜப்பானின் முதல் நிலையான பந்தயப் பாதை, டோக்கியோவை அடுத்த தாமா ஆற்றங்கரையில் 1936-ம் வருஷம் திறக்கப்பட்டது. நீள்வட்டமான பாதை; சுற்றளவு 1,200 மீட்டர். ஜூன் 7-ந் தேதி நடந்த முதல் பந்தயத்திலேயே, ஃபோர்டு யந்திரம் பூட்டித் தாமே உருவாக்கிய காருடன் ஹோண்டா கலந்துகொண்டார். பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்தவர் சொந்தத் தம்பி பென்ஜிரோ.

கார் காற்றாகப் பறந்தது. அப்போது பழுது பார்க்கும் இடத்திலிருந்து வேறொரு கார் மெதுவாகப் பாதைக்குள் வந்தது. விலக வழியில்லை. மோதிய வேகத்தில் ஹோண்டாவின் கார் தூக்கி எறியப்பட்டுக் கரணம் அடித்தது. அண்ணனும் தம்பியும் வெளியே வீசப்பட்டார்கள். அண்ணனுக்கு முகத்திலும் கையிலும் பலத்த காயம். தம்பிக்கு முதுகெலும்பில் முறிவு. இருவரும் உயிர் பிழைத்தது தெய்வச் செயல்.

முழு வேகத்தில் வரும் வண்டியும் அப்போதுதான் புறப்படும் வண்டியும் சந்திக்கும் இடம் எந்தப் பந்தயப் பாதையிலும் பொல்லாத இடம். ஓட்டுபவரின் திறமை எவ்வளவு இருந்தாலும், பாதையை வகுத்தவர் அந்த இடத்தைப் பற்றி யோசிக்காவிட்டால் விபத்து காத்துக்கொண்டிருக்கும். இதை ஹோண்டா தம் உடம்பிலும் தம்பியின் உடம்பிலும் கற்றார்.

எரிமலைச் சாம்பலில் ஓர் இளைஞன்

யுத்தம் முடிந்த பின், 1946-ல் சிறு யந்திரங்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். 1948-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஹோண்டா மோட்டார் கம்பெனி உதயமாயிற்று. மறு வருஷம் கூட்டாளியாக வந்த தகேயோ புஜிசாவா கணக்கையும் விற்பனையையும் ஏற்றுக்கொள்ள, யந்திரம் முழுவதும் ஹோண்டாவின் பொறுப்பாயிற்று. 1954-ல் கம்பெனி பணமுடையில் தத்தளித்த சமயத்திலேயே, பிரிட்டனையடுத்த மேன் தீவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்போம் என்று பகிரங்கமாக அறிவித்தார். 1959-ல் முதன் முதலாக அங்கே போனார்கள். 1961-ல் 125, 250 சி.சி. ஆகிய இரண்டு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டா வண்டிகளுக்கே கிடைத்தன.

ஆனால் சொந்த நாட்டில் நிலைமை என்ன? அசாமா எரிமலையின் அடிவாரத்தில் 1957-ல் அமைத்த பாதையே பெரிய களம். தார் போடாத பாதை. எரிமலைச் சாம்பல் மண். சக்கரம் பட்டால் கல்லும் புழுதியும் எழும். மோட்டார் சைக்கிள் சங்கங்களைச் சேர்ந்த அமெச்சூர் இளைஞர்களுக்கென்று 1958-லும் 1959-லும் அங்கே பந்தயங்கள் நடந்தன. 1959-ல் கிதானோ மோதோ என்ற பதினெட்டு வயது இளைஞர், எவரும் விலைக்கு வாங்கக் கூடிய ரக ஹோண்டா வண்டியில் அமெச்சூர் பந்தயத்தை வென்றார். கம்பெனிகளின் விசேஷ வண்டிகளோடு போட்டியிடவும் அவரை அனுமதித்தார்கள். அங்கேயும் அவரே முதல்! ஹோண்டா கம்பெனியின் சொந்தப் பந்தய வண்டிகளே அவருக்குப் பின்னால் வந்தன.

திறமை ஊருக்கு ஊர் இருக்கிறது, அதைத் தீட்டத் தக்க பாதைதான் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நஞ்சையைத் தொடாதே!

சுசுகா நகரில் ஹோண்டாவின் புதிய தொழிற்சாலை 1960-ல் இயங்கத் தொடங்கியது. அதன் அருகிலேயே பந்தயப் பாதை அமைக்க முடிவாயிற்று. முதலில் பார்த்த நிலத்தில் நெல் வயல்களும் இருந்தன. சமமான பூமி, வேலை சுலபம், செலவும் குறைவு. ஆனால் ஹோண்டா அதற்கு இணங்கவில்லை. சோறு போடும் வயலை அழித்துப் பந்தயம் விடுவதா என்று கோபம் கொண்டார். வயலை விட்டுவிட்டு, மரங்கள் அடர்ந்த மேட்டு நிலத்துக்குத் திட்டம் மாறிற்று.

அந்த மறுப்பே பாதைக்கு அழகு சேர்த்தது. ஹாலந்து தேசத்தில் ஸான்ட்ஃபோர்ட் பந்தயப் பாதையை நிர்வகித்து வந்த ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ் என்ற நிபுணரை அழைத்தார்கள். அவர் குன்றுகளைத் தரைமட்டமாக்காமல், அவற்றின் ஏற்ற இறக்கத்தையே பாதைக்குப் பயன்படுத்தினார். ஆரம்ப வரைபடத்தில் பாதை தன்னைத்தானே மூன்று இடங்களில் கடந்தது. பல முறை திருத்திய பின், ஒரே ஓர் இடத்தில் மேம்பாலம் வழியாகக் கடக்கும்படி, எட்டு என்ற எண்ணைப் போல அமைந்தது. நீளம் சுமார் 6 கிலோமீட்டர்.

எட்டு வடிவத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சாதாரண வட்டப் பாதையில் வளைவுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பும்; ஒரு பக்கத்து டயர் சீக்கிரம் தேயும்; ஓட்டுபவருக்கும் ஒரு பக்கத் திறமையே வளரும். எட்டில் பாதி வழி வலப்புறம் சுற்றினால் மறு பாதி இடப்புறம் சுற்ற வேண்டும். வண்டியின் குறையும் ஓட்டுபவரின் குறையும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

1962-ம் வருஷம் செப்டம்பரில் பாதை தயாராயிற்று. ஜப்பானின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 1963 ஜூலையில்தான் திறக்கப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தேசத்தில் வேகமாகப் போகச் சாலை வருவதற்கு முன்பே, வேகத்தைக் கற்க ஒரு பாதை வந்துவிட்டது! நவம்பரில் நடந்த தொடக்கப் பந்தயத்தில் எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற ஜெர்மன் வீரர் ஒரு வளைவில் விழுந்தார். இன்றும் அந்த வளைவுக்கு அவர் பெயர்தான். நல்ல பாதையிலும் விழுவார் உண்டு. 1963 மே மாதம் முதலாவது ஜப்பான் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தபோது, சொந்தக் காரைக் கொண்டுவந்த அமெச்சூர்கள் பலர் அதில் ஓட்டினார்கள்.

1964-ல் அதே வளாகத்தில் மோட்டார் சைக்கிள் போலீசாருக்குப் பயிற்சி தரும் பள்ளி தொடங்கிற்று. குறுகிய வளைவுகளில் திரும்புவதும், சொன்ன இடத்தில் நிறுத்துவதும் அங்கே பாடம். இன்று ஜப்பானில் ஜிம்கானா என்ற பெயரில் அமெச்சூர்கள் திடலில் கூம்புகளை நட்டு, கடிகாரத்தோடு ஒவ்வொருவராகப் போட்டியிடுவதும் இந்த வித்தையின் வேறொரு கிளையே.

ஒரு கறை

ஹோண்டாவின் வாழ்வில் களங்கமே இல்லை என்று சொல்வதற்கில்லை. யந்திரத்தைத் தண்ணீரால் அல்ல, காற்றால்தான் குளிரச் செய்ய வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். அவ்வாறு செய்த பந்தயக் காரைப் பரீட்சித்த வீரர் ஜான் சர்டீஸ் அதை ஓட்ட மறுத்தார். ஆயினும் 1968-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி பிரான்சில் ரூவான் பந்தயத்தில் அந்தக் கார் இறக்கப்பட்டது. அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர் சரிவில் மோதி, தீயில் கருகி மாண்டார். அந்த வருஷத்தோடு ஹோண்டா கம்பெனி அந்தப் பந்தயங்களை நிறுத்தியது. பாதையிடம் பணிந்த மனிதர் தம் யந்திரத்திடம் பணிய மறுத்ததன் விலை ஓர் உயிர். பின்னாளில் இளம் பொறியியலாளரின் வாதத்துக்கு இணங்கித் தண்ணீரால் குளிரும் யந்திரத்தை ஏற்றுக்கொண்டார்.

1973-ல் புஜிசாவாவோடு ஒன்றாகவே பதவி விலகினார். சுசுகாவில் உலகக் கார்ப் பந்தயம் 1987-ல் முதன் முதலாக நடந்ததையும் கண்டார். 1991-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார். கம்பெனி சார்பில் பெரிய சவச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. கார் செய்த ஒருவரின் மரணத்தால் தெருவில் போக்குவரத்து தடைப்படக் கூடாது என்பது அவருடைய விருப்பம்.

பாதை போடுபவர்கள் பெரிய மைதானத்திலும் போடலாம். நாலு நண்பர்கள் கூடி ஊர்த் திடலில் சுண்ணாம்புக் கோடு கிழித்தும் போடலாம். யார் வாயிலிருந்தும் சோற்றைப் பறிக்காத நிலமா, தவறினவன் உயிரோடு எழுந்து வர இடம் விட்டிருக்கிறோமா என்று இரண்டு கேள்விகளை மட்டும் அவர்கள் மறக்கலாகாது. முதல் கேள்வியை ஹோண்டா வயலின் ஓரத்தில் நின்று கேட்டார். இரண்டாவதை ஆற்றங்கரையில் விழுந்து கற்றார்.