குஸ்தாவ் வாசா

ஐரோப்பாவின் வடபால் அமைந்த நாடுகளுள் சுவீடன் ஒன்று. அங்கு ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் முதல் ஞாயிறன்று பல்லாயிரவர் கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமீது சறுக்கி ஓடுவர். ஓடும் தொலைவு 90 கிலோமீட்டர். மேற்கு மாம்பலத்தினின்று புறப்படும் ஒருவன் செங்கற்பட்டையும் மதுராந்தகத்தையும் கடந்து செல்லும் தொலைவு அது. வாசா ஓட்டம் எனப்படும் அப்போட்டி, குஸ்தாவ் வாசா என்னும் அரசரின் நினைவாக நடைபெறுவது.

குஸ்தாவ் 1496-ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்தார். அவர் இளைஞராய் இருந்த காலத்தில், டென்மார்க்கு மன்னர் இரண்டாம் கிறிஸ்தியான் சுவீடனை அடக்கியாள முற்பட்டார். 1518-இல் குஸ்தாவைப் பிணையாளாகக் கொண்டு சென்றார். குஸ்தாவ் காவலினின்று தப்பி, 1520-இல் தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் கிறிஸ்தியான் ஸ்டாக்ஹோம் நகரில் பெருமக்கள் பலரைக் கொன்று குவித்தார். மாண்டவர்களுள் குஸ்தாவின் தந்தையும் ஒருவர்.

குஸ்தாவ் மாறுவேடம் பூண்டு டாலர்னா என்னும் பகுதியை அடைந்தார். அங்குள்ள மோரா என்னும் ஊரில் உழவர்களைக் கூட்டி, கொடுங்கோன்மையை எதிர்க்குமாறு வேண்டினார். அவர்கள் இணங்கவில்லை. மனம் நொந்த அவர், உறைபனியில் நார்வே நாட்டை நோக்கிப் புறப்பட்டார்.

தலைநகரில் நிகழ்ந்த கொடுமை உண்மையே என்பதைப் பின்னர் அறிந்த மோரா மக்கள், தாம் செய்த பிழையை எண்ணி வருந்தினர். பனியில் விரைந்து செல்லவல்ல இருவரை அவர்பின் அனுப்பினர். அவ்விருவரும் எல்லைக்கு அண்மையிலுள்ள சேலன் என்னும் இடத்தில் அவரை எட்டி, அழைத்து வந்தனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. 1521-இல் உழவர் படைக்குத் தலைமை பூண்ட குஸ்தாவ், 1523 ஜூன் 6-ஆம் நாள் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாளே சுவீடனின் தேசிய நாள்.

அரசரானபின் அவர் எப்பொழுதும் நன்றி மறவாதவராய் இருந்தார் என்று சொல்வதற்கில்லை. போர்க்கடன் தீர்க்கத் தேவாலய மணிகளை அவர் கேட்டபோது டாலர்னா மக்கள் எதிர்த்தனர். தம்மை உயர்த்திய அம்மக்களையே அவர் கடுமையாக ஒடுக்கினார். 1560-இல் அவர் மறைந்தார்.

1922-இல், ஆண்டர்ஸ் பெர்ஸ் என்னும் செய்தித்தாள் ஆசிரியரின் முயற்சியால் முதல் ஓட்டம் நடைபெற்றது. அதில் கலந்துகொண்டோர் 119 பேர். எர்ன்ஸ்ட் ஆல்ம் என்பார் ஏழரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஓடி வென்றார். 1924 முதல் மகளிர்க்கு மறுக்கப்பட்டிருந்த உரிமை 1981-இல் மீண்டும் கிட்டியது.

இவ்வோட்டம் சேலன் பகுதியில் தொடங்கி மோராவில் முடிவடைகிறது. அரசர் நாட்டை நீங்கிச் சென்ற திசை வேறு. ஓடுவோர் செல்லும் திசை வேறு. மக்கள் தம் பிழையை உணர்ந்து, காலம் தாழ்த்தாது அவரை அழைத்து வந்த திசையிலேயே அவர்கள் ஓடுகின்றனர். பிழை செய்தல் மாந்தர்க்கு இயல்பு. அதனை உணர்ந்தவுடன் திருத்திக்கொள்ள விரைதலே பெருமை.