சந்திரனைச் சுட்ட ஜாலவித்தைக்காரர்

ஒரு படம் எத்தனை வாரம் ஓடியது, எவ்வளவு வசூல் என்று விசாரித்த பிறகுதான் அதன் தரத்தைப் பற்றி நாம் வாய் திறக்கிறோம். விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். கோடி கோடியாகக் கொட்டினார்கள், பல மடங்கு வாரினார்கள், ஆகவே அது உயர்ந்த படம்! நம் விடுதி அறைகளில் நள்ளிரவு வரை நடக்கும் வழக்குகளுக்கு இதுவே தீர்ப்பு. இவ்வழக்கில் நான் ஒரு சாட்சியை அழைக்க விரும்புகிறேன். அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயர் ஜார்ஜ் மெலியெஸ், பிரெஞ்சு நாட்டவர்.

1861 டிசம்பர் 8 ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் பூட்ஸ் செய்து விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். (இந்தப் பூட்ஸை நண்பர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் வேறொரு கோலத்தில் அது திரும்பி வரும்.) மகனுக்கோ தோலிலும் ஆணியிலும் மனம் ஒட்டவில்லை. 1884 இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது ஜாலவித்தை. 1888 இல் தந்தையார் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றதும், தம் பங்கைச் சகோதரர்களுக்கே விற்று, அந்தப் பணத்தில் பாரிஸிலிருந்த ராபேர் ஊதேன் ஜாலவித்தை அரங்கை விலைக்கு வாங்கினார்.

1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் ஒரு காப்பிக் கடையின் நிலவறையில் சலனப்படம் காட்டினர். பார்வையாளருள் மெலியெஸும் ஒருவர். அந்தக் கருவிக்கு 10,000 பிராங்கு தருவதாகச் சொல்லிப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். மனம் தளரவில்லை. லண்டனில் ராபர்ட் பால் விற்ற கருவியை வாங்கி, தாமே பிரித்துப் பூட்டிக் காமிராவாக மாற்றிக்கொண்டார். 1897 இல் பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில் கண்ணாடிக் கூரை வேய்ந்த படப்பிடிப்புக் கூடம் எழுந்தது. லூமியேர்கள் ரயில் வருவதைப் படம் பிடித்தார்கள். மெலியெஸ் நடக்கவே நடக்காதவற்றைப் படம் பிடித்தார். காமிராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மீண்டும் ஓட்டினால் மனிதன் மறைவான், எலும்புக்கூடு தோன்றும். ஜாலவித்தைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1902 இல் வந்தது ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’. மூன்று மாத உழைப்பு, 10,000 பிராங்கு செலவு. சுருளின் நீளம் 260 மீட்டர், ஓடும் நேரம் சுமார் கால் மணி. பீரங்கிக் குண்டுக்குள் அறிஞர்கள் ஏறி அமர்கிறார்கள். குண்டு பறந்து போய்ச் சந்திரனின் கண்ணிலே குத்தி நிற்கிறது! அங்குள்ள பிராணிகளைக் குடையால் ஓர் அடி அடித்தால் புகையாய்ப் போய்விடும். அறிஞர்களின் தலைவர் வேடத்தையும் அவரே போட்டார். விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் மூத்த பிள்ளை என்று இன்று உலகம் கொண்டாடுவது இதைத்தான்.

அக்காலத்து வசூல் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். படம் எடுத்தவர் பிரதிகளை அடியோடு விற்றுவிடுவார். கறுப்பு வெள்ளைப் பிரதி 560 பிராங்கு. பெண்கள் கையால் வண்ணம் தீட்டிய பிரதி 1,000. வாங்குவோர் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறவர்கள். இந்த விலையைக் கேட்டு அவர்கள் மிரண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு பிரதியை இலவசமாகக் கொடுத்துக் காட்டிப் பார்க்கச் சொன்னாராம் மெலியெஸ். நள்ளிரவு வரை கூட்டம் அலைமோத, அவர் உடனே விலைக்கு வாங்கிக்கொண்டாராம். இது மெலியெஸே பின்னாளில் சொன்னது. அதன்பின் படம் கடல் கடந்தது. ஆனால் எப்படி? அமெரிக்காவில் எடிசன் நிறுவனமும் லூபின் என்பவரும் கள்ளப் பிரதிகள் எடுத்து விற்றார்கள். மக்கள் கொட்டிய காசு அவர்கள் பைக்குப் போயிற்று. அதைத் தடுக்கத் தம் அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் படத்தின் வெற்றியை எந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி அளப்பது? எடுத்தவர் புத்தகத்திலா, திருடியவர் புத்தகத்திலா?

பிறகு காலம் மாறிற்று. 1909 இல் பாரிஸில் கூடிய படத் தயாரிப்பாளர் மாநாட்டுக்கு மெலியெஸே தலைமை வகித்தார். படங்களை இனி விற்பதில்லை, வாடகைக்கே விடுவது என்று அதில் முடிவாயிற்று. நிலையான கொட்டகைக்காரர்களுக்கு அது இலாபம். ஊர் ஊராய்ச் சுற்றும் கூடாரக்காரர்களுக்கு இடி. மெலியெஸின் வாடிக்கையோ கூடாரக்காரர்கள்தாம். வேறு வழியின்றிப் பாத்தே நிறுவனத்திடம் வீட்டையும் படப்பிடிப்புக் கூடத்தையும் ஈடாக வைத்துப் பணம் பெற்றார்.

அந்தப் பணத்தில் பிறந்த படங்களில் ஒன்று, 1912 இல் வந்த ‘துருவத்தை வென்ற கதை’. பறக்கும் வண்டியில் துருவம் போகிறார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுகிறது. கண் உருட்டும், காது ஆட்டும், பயணிகளில் ஒருவரைத் தூக்கி விழுங்கும். குண்டடி பட்டு அவரைக் கக்கும். அத்தனையும் இயந்திரப் பொம்மை! சந்திரனின் கண்ணைக் காட்டிலும் எனக்கு இந்தப் பூதமே பிடித்திருக்கிறது. படமோ நஷ்டத்தில் முடிந்தது.

வேடிக்கை பார்த்தவர்களை மூடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குள் மற்றவர்கள் காமிராவை அருகே கொண்டு போகவும், காட்சிகளை வெட்டி ஒட்டவும் பழகிவிட்டார்கள். மெலியெஸ் மட்டும் தம் நாடக அரங்கின் முன்வரிசை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் புதுமையாயிருந்தது பழகிப்போய்விட்டது. வசூல் சொன்ன செய்தி அவ்வளவே. பூதத்தைச் செய்த கை பழுதுபட்டதென்று அது சொல்லவில்லை. கடன்காரர்களுக்கு இந்த வேறுபாடு ஏது?

1913 இல் மனைவி இறந்தார். மறு ஆண்டு உலகப் போர். 1917 இல் பிரெஞ்சு இராணுவம் அவருடைய படச் சுருள்களில் 400க்கு மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு போய் உருக்கிற்று. வெள்ளியைப் பிரித்தெடுத்தது போக, மிஞ்சிய செல்லுலாய்டு சிப்பாய்களின் பூட்ஸுக்குக் குதியாயிற்று. பூட்ஸ் தொழிலை உதறிவிட்டு வந்தவரின் கனவுகள் பூட்ஸாகவே நடந்து போயின! 1923 இல் சாலையை நீட்டுவதற்காக அவருடைய அரங்கம் இடிக்கப்பட்டது. மோந்த்ரேயும் பாத்தே வசமாயிற்று. அங்கே வைத்திருந்த மூலச் சுருள்களை மெலியெஸ் தம் கையாலேயே தீயிட்டார். எடுத்தவை 500க்கு மேல். இன்று எஞ்சியவை அவற்றில் பாதிகூட இல்லை. கணக்கில் பெறாதது காப்பதற்கும் தகாதது என்று எல்லோரும் நம்பிவிட்டால் இப்படித்தான் ஆகும். அவரே நம்பிவிட்டார் என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது.

1925 இல், முன்பு தம் படங்களில் நடித்த ஜான் தால்சி அம்மையாரை மணந்தார். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் அம்மையாருக்கு ஒரு சிறு கடை. அங்கே மிட்டாயும் பொம்மையும் விற்றுக்கொண்டிருந்த கிழவரைப் பத்திரிகையாளர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். 1929 டிசம்பரில் பாரிஸில் அவர் படங்களுக்குப் பெருவிழா; 1931 இல் லெஜியோன் தோனர் விருது. அதை அணிவித்தவர், முன்பு கருவியைத் தர மறுத்த குடும்பத்தைச் சேர்ந்த லூயி லூமியேர். திரைத் தொழிலாளருக்கான முதியோர் இல்லத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1938 ஜனவரி 21 அன்று கண் மூடினார்.

தொலைந்துபோனதென்று எண்ணியிருந்த வண்ணப் பிரதி ஒன்று 1993 இல் பார்சிலோனாவில் கிடைத்தது. செப்பனிடப்பட்டு 2011 இல் கான் திரைப்பட விழாவில் ஓடிற்று. அதே ஆண்டு மெலியெஸின் முதுமையை வைத்து மார்ட்டின் ஸ்கோர்செசி எடுத்த ‘ஹியூகோ’ வந்தது. ஐந்து ஆஸ்கார் விருதுகள் பெற்றது. போட்ட பணத்தை மட்டும் ஈடுகட்டவில்லை! சந்திரப் படம் கால் மணி, துருவப் படம் அரை மணி. நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டலாமே. எது ஓடியது, எது ஓடவில்லை என்பதை விளக்கு எரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.