லியோனார்டு ஆய்லர்

கால்குலஸ் பயிலும் நம் மாணாக்கர், வீட்டுக்கணக்குப் போட உட்காருந்தோறும், ஒருவர் வகுத்து வைத்த குறிகளைத் தம்மையறியாமலே எழுதி வருகின்றனர். தொடரின் உறுப்புக்களைக் கூட்டுக என்பதற்குரிய ஸிக்மா என்னும் கிரேக்க எழுத்தும், இயற்கை லாகரிதத்தின் அடியெண்ணைக் குறிக்கும் எழுத்தும், பிறவும் லியோனார்டு ஆய்லரிடமிருந்து நமக்கு வந்தவை. குறிகள் பரவிய அளவிற்கு அவர் வரலாறு நம்மிடையே பரவவில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸெல் நகரிற் பிறந்தார். தகப்பனார் ஒரு திருச்சபைப் போதகர். தம் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியரிடம் பாடங் கேட்டவராதலின், மைந்தனுக்கு முதற் கணக்குகளைத் தாமே கற்பித்தார். மைந்தனும் தம்மைப்போற் போதகராதல் வேண்டுமென்பதே அவர் விருப்பம். 1720-இல், 13 பிராயத்தில், ஆய்லர் பாஸெல் சர்வகலாசாலை புகுந்தார். அங்கே யாக்கோபின் தம்பி யோவான் பெர்னூலி கணிதம் கற்பித்து வந்தார். தமக்குத் தனியே பாடஞ்சொல்ல வேண்டுமென்று ஆய்லர் அவரை அணுகினார். ஓய்வில்லையென்று பேராசிரியர் மறுத்துவிட்டார்.

மறுத்தவர் வேறொரு வழி காட்டினார். கடினமான நூல்கள் சிலவற்றைத் தாமே கற்க வேண்டும். கணக்குகளைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு முயன்றும் விளங்காதவற்றை மட்டும் சனிக்கிழமை பிற்பகலிற் கொண்டுவந்து கேட்கலாம். ஆய்லர் வாரமுழுதும் தனியே போராடி, தம் ஐயங்கள் மிகச் சிலவாகும்படி பார்த்துக்கொண்டார். ஆசிரியர் ஒரு முடிச்சை அவிழ்த்தால் அதனோடு வேறு பத்து முடிச்சுக்களும் தாமே அவிழ்ந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்துள்ளார். வினாவைப் படித்த மாத்திரத்தில் விடைப்பக்கத்தைப் புரட்டும் நம்மனோர்க்கு இம்முறை கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் தனியே போராடிய அந்த ஆறு நாட்களே அவரை உருவாக்கின என்பது நம் கருத்து. மைந்தனைக் கணிதத்திற்கே விட்டுவிடும்படி தகப்பனாரை இணங்கச் செய்தவரும் யோவான் பெர்னூலியே.

பாஸெலில் ஆசிரியப் பதவி கிட்டாமையால், 1727-இல் ருஷ்யா தேசத்து ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்றார். அவர் புகழ் நாட்டியது அங்கே முடித்த ஒரு கணக்காகும். ஒன்று, நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என இவ்வாறே எண்களின் வர்க்கங்களைக் கீழே வைத்த பின்னங்களை முடிவின்றிக் கூட்டினால் வருந்தொகை யாது? 1650-இல் இத்தாலியராகிய மெங்கோலி எழுப்பிய இவ்வினா யாக்கோபு பெர்னூலியையும் திணறச் செய்தது. கூட்டிப் பார்த்து விடை காண்போமெனின், தொடர் மிக மெல்ல நகர்வது. பத்து உறுப்புக்களைக் கூட்டினால் 1.5498 அளவில் நிற்கும். ஆயிரங் கூட்டினும் மூன்றாம் தசமஸ்தானத்திலேயே பிழை வரும். ஆறு ஸ்தானம் சரியாக வர ஏறக்குறையப் பத்து லட்சம் உறுப்புக்கள் வேண்டும். ஆய்லர் இத்தொடரை விரைந்து நகரும் வேறொரு தொடராக மாற்றி, 1.644934 என்ற அளவை முதலிற் கண்டார். 1735-இல் அதன் உண்மை வடிவத்தையே கண்டறிந்தார்: வட்டத்திற்குரிய பையின் வர்க்கத்தில் ஆறிலொரு பங்கு! வட்டமே தோன்றாத கணக்கில் வட்டத்தின் எண் வந்து நின்றது அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. 1705-இலேயே மறைந்த யாக்கோபு இதனைக் காண உயிரோடில்லையே என்று தம்பியார் வருந்தினாராம்.

அவர் சென்ற வழியோ துணிச்சலானது. சைன் என்பதனை முடிவிலாத் தொடராக எழுதலாம். அது பை, இருமடங்கு பை, மும்மடங்கு பை ஆகிய இடங்களிற் சுழியாகும். ஆகவே, சாதாரண சமீகரணத்தை அதன் மூலங்களைக்கொண்டு காரணிகளாகப் பிரிப்பதுபோலவே இதனையும் பிரித்து, குணகங்களை ஒப்பிட்டார். முடிவுள்ளதற்குரிய விதி முடிவில்லாததற்கும் பொருந்துமோ? கற்பனை மூலங்கள் மறைந்திருத்தல் கூடாதோ? இவ்வாறு நண்பர்களே வினவினர். வினா நியாயமானதே. தொகை ஆறு ஸ்தானம் ஒத்திருந்தது. அதே காரணிகளிலிருந்து வாலிஸ் முன்னரே கண்ட பெருக்கமும் சரியாகக் கிடைத்தது. ஆயினும் விடை சரியாயிருத்தல் வேறு, நிறுவுதல் வேறு என்பதை ஆய்லர் உணர்ந்திருந்தார். 1743-இல் வெளிவந்த கட்டுரையில், நம் மாணாக்கரும் தொடரக்கூடிய தொகையீட்டு முறையால், ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களுக்குரிய தொகை பையின் வர்க்கத்தில் எட்டிலொரு பங்கென நிறுவினார். அது முழுத்தொகையில் முக்கால் ஆதலின், ஆறிலொரு பங்கு தானே வந்துவிடும். புகழ் கைவந்த பின்னரும் பழைய கணக்கைக் கீழே வையாத இப்பண்பையே நாம் அவரிடத்துப் பெரிதும் மதிக்கின்றோம்.

1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லினில் வாழ்ந்தார். 1748-இல் இரு பாகமாக வெளிவந்த அவர் நூலின் முற்பாகம் முடிவிலாத் தொடர்களையும் பிற்பாகம் வளைகோடுகளையும் பற்றியது. வெக்டர் என்னும் பெயர் அவர் காலத்தில் இவ்வழக்கிற்கு வரவில்லை. எனினும் விசையை ஒன்றற்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிற் பிரித்து இயக்கச் சமீகரணங்களை எழுதுவதனை 1750-இற் பொதுவிதியாக நிலைநாட்டியவர் அவரே.

1738-இலேயே வலக்கண்ணின் பார்வை போயிற்று. 1766-இல் ருஷ்யாவிற்கு மீண்டபின் இடக்கண்ணும் மங்கியது. 1771-இற் செய்த சிகிச்சையாற் சிறிது ஒளி வந்து, பின்னர் அதுவும் மறைந்தது. ஆயினும் வேலை குறையவில்லை. கற்பலகையிற் சாக்கட்டியாற் பெரிய எழுத்துக்களாக எழுதியும், மக்களையும் மாணாக்கரையும் கொண்டு எழுதுவித்தும், அவர்தம் ஆக்கங்களிற் பெரும்பகுதியை இக்காலத்திலேயே செய்தார். மாணாக்கர் இருவர் ஒரு தொடரின் 17 உறுப்புக்களைக் கூட்டினர். 50-ஆம் இலக்கத்தில் இருவர் விடையும் ஒன்று வேறுபட்டது. கண்ணிழந்த ஆசிரியர் முழுக்கணக்கையும் மனத்திலேயே போட்டுப் பிழை இன்னதெனத் தீர்த்தார். இதனைக் காண்டர்ஸே என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் இரங்கலுரையிற் கூறியுள்ளார்.

1783-ஆம் ஆண்டு, வெப்பக்காற்றால் எழும்பும் பலூனைப் பிரெஞ்சு தேசத்தார் விண்ணில் விட்ட செய்தி ஐரோப்பா முழுதும் பரவியிருந்தது. அதன் ஏற்றத்தை ஆய்லர் கணித்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் 18-ஆம் நாள், புதிதாகக் காணப்பெற்ற யுரேனஸ் கிரகத்தின் வழியைப்பற்றி லெக்ஸெல் என்பாரோடு உரையாடினார். பிற்பகலிற் பேரனோடிருக்கையில் நோயுற்று வீழ்ந்து, அன்றிரவே உயிர் நீத்தார். பலூன் கணக்கு அவர் கற்பலகைமேல் இருந்தது.