அநுருத்த மகாதேரர்

பகவன் புத்தருடைய மாணவர்களுள் ஞானக்கண் பெற்றோரில் முதன்மையானவர் என்று பகவராலேயே சிறப்பிக்கப்பெற்றவர் அநுருத்த தேரர். அவருடைய ஞானக்கண்ணின் பெருமையை நம்மவர் பலரும் கேட்டிருப்பர். ஆனால், பலர் ஒருங்கு கூடி ஓரிடத்தில் வாழுங்கால் அவர்களுக்குள் அன்பு குலையாமல் காப்பது எவ்வாறு என்பதை வாழ்ந்து காட்டியவரும் அவரே. விநய பிடகமும் மச்சிம நிகாயமும் கூறும் அவ்வரலாறு, சங்கமாகக் கூடி வாழ விரும்புவோர் அனைவரும் அறியத்தக்கது.

அநுருத்தர் கபிலவத்து நகரத்துச் சாக்கிய குலத்தில் தோன்றியவர். பகவருக்கு நெருங்கிய உறவினர். அவருடைய தமையனார் மகாநாமர். மூன்று பருவங்களுக்கு மூன்று மாளிகைகள் அமைத்து, பெற்றோர் அவரை மிக்க செல்வமாக வளர்த்தனர். இளமையில் அவர் இல்லை என்னும் சொல்லையே கேட்டறியாதவர் என்று உரையாசிரியர் ஒரு கதை கூறுவர். விளையாட்டில் தோற்ற போதெல்லாம் பந்தயப் பொருளாகிய பணியாரத்துக்குத் தாயிடம் ஆள் அனுப்புவார். பணியாரம் தீர்ந்துபோய், இல்லை என்று தாய் சொல்லியனுப்பியபோது, அதுவும் ஒருவகைப் பணியாரம் போலும் என்றெண்ணி, அதனையே அனுப்புமாறு கேட்டாராம்.

சாக்கிய குமாரர் பலர் பகவரைப் பின்பற்றித் துறவு பூண்ட காலத்தில், தம் குடும்பத்தில் ஒருவரும் துறக்கவில்லையே என்று மகாநாமர் கவன்றார். இருவரில் ஒருவர் துறப்பது, மற்றவர் இல்லறம் நடத்துவது என்று அவர் கூறவே, மென்மையாக வளர்ந்த தம்மால் துறவு இயலாது என்றார் அநுருத்தர். அப்படியாயின் இல்லறத்தின் கடமைகளைக் கேட்பாயாக என்று தமையனார் சொல்லத் தொடங்கினார். நிலத்தை உழவேண்டும், விதைக்கவேண்டும், நீர் பாய்ச்சவேண்டும், களை பறிக்கவேண்டும், அறுத்துப் போரடித்துத் தூற்றிச் சேர்க்கவேண்டும், அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்யவேண்டும். இவ்வேலைக்கு முடிவு எப்போது என்று வினவிய அநுருத்தர், முடிவே இல்லை என்று அறிந்து, துறவே தமக்குத் தக்கதெனத் துணிந்தார்.

தாயார் எளிதில் விடைதரவில்லை. சாக்கியர்க்குத் தலைவராயிருந்த நண்பர் பத்தியர் துறந்தால் நீயும் துறக்கலாம் என்றார். அநுருத்தர் பத்தியரையும் இணங்குவித்தார். இவ்விருவரும் ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகியோருமாகச் சாக்கியர் அறுவர் புறப்பட்டனர். நாவிதராகிய உபாலி அவர்களுடன் சென்றார். எல்லை கடந்ததும் அறுவரும் தம் அணிகலன்களைக் கழற்றி உபாலிக்குக் கொடுத்துத் திரும்பிச் செல்லுமாறு பணித்தனர். உபாலியோ அம்மூட்டையை ஒரு மரத்திலே தொங்கவிட்டுவிட்டுத் தாமும் துறவு பூண வந்து சேர்ந்தார்.

மல்லர் நாட்டு அநுபியம் என்னும் ஊரில் எழுவரும் பகவரை அடைந்தபோது, சாக்கியர் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். சாக்கியராகிய தாங்கள் செருக்கு மிக்கவர்கள். நெடுங்காலம் தங்களுக்குப் பணிபுரிந்த உபாலிக்கே முதலில் துறவு தரவேண்டும். அப்போதுதான் தாங்கள் அவரை வணங்கி எழுந்து மரியாதை செய்வர். தங்கள் குலச்செருக்கும் அடங்கும் என்றனர். அவ்வாறே உபாலி மூத்தவரானார். இளவரசர்கள் அவருக்கு இளையவராயினர். பிறப்பால் வந்த மேன்மையை வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டு அநுருத்தர் சங்கத்தினுள் புகுந்தார். கூடி வாழ்வதற்கு இதுவே முதற்படி அன்றோ?

பின்னர் ஒரு காலத்தில் கோசம்பி நகரத்துப் பிக்குகளிடையே பெரும்பூசல் விளைந்தது. கழிப்பிடத்துக் கலத்தில் ஒரு பிக்கு சிறிது நீரை மிச்சமாக விட்டுவந்ததே அதற்குத் தொடக்கம் என்று உரை நூல்கள் கூறுகின்றன. அது குற்றமென்றார் ஒருவர், குற்றமன்றென்றார் மற்றொருவர். ஒவ்வொருவர் பின்னும் ஒரு கூட்டம் சேர்ந்தது. சங்கம் இரண்டுபட்டது. பகவர் பலமுறை அறிவுறுத்தியும் அவர்கள் கேளாராயினர். ஆகவே பகவர் தாமே பாத்திரமும் சீவரமும் எடுத்துக்கொண்டு தனியே அவ்வூரை நீங்கினார்.

பாலகலோணகார கிராமத்தில் பகு தேரரைக் கண்டபின், பகவர் கீழை மூங்கில் வனத்தை அடைந்தார். அங்கே அநுருத்தரும் நந்தியரும் கிம்பிலரும் வாழ்ந்து வந்தனர். வந்தவர் இன்னாரென அறியாத வனக்காவலன், தம் நலம் நாடி வாழும் மூவருக்கு இடையூறு செய்யாதிருக்குமாறு சொல்லி அவரைத் தடுத்தான். அதனைச் செவியுற்ற அநுருத்தர், வந்திருப்பவர் தம் ஆசிரியரே என்று காவலனுக்கு உணர்த்தி, தோழரை அழைத்துக்கொண்டு எதிர்கொண்டார். ஒருவர் பாத்திரத்தையும் சீவரத்தையும் வாங்கினார்; ஒருவர் இருக்கை அமைத்தார்; ஒருவர் கால் கழுவ நீர் வைத்தார்.

கோசம்பியின் பூசலை விட்டு வந்த பகவர், அவர்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனரா என்று வினவினார். பாலும் நீரும் கலந்தாற்போல வாழ்வதாக அநுருத்தர் விடை கூறினார். அது எவ்வாறு இயல்கின்றது என்று பகவர் மேலும் வினவ, அவர் தம் வாழ்க்கை முறையை விளக்கினார். இத்தகைய தோழருடன் வாழப்பெற்றது தமக்குப் பெரும்பேறு என்று அவர் நாள்தோறும் நினைப்பாராம். அவர்களிடத்தில் மெய்யாலும் மொழியாலும் மனத்தாலும் அன்புடையவராய், நேரிலும் மறைவிலும் ஒருபடித்தாக ஒழுகுவாராம். தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்து அவர்கள் விருப்பப்படி நடப்பாராம். உடல் மூன்றாயினும் உள்ளம் ஒன்றே என்றார். நந்தியரும் கிம்பிலரும் தனித்தனியே அவ்வாறே கூறினர்.

இவ்வன்பு அன்றாடச் செயலாகவும் விளங்கிற்று. பிச்சை ஏற்று முதலில் திரும்பியவர் இருக்கைகளை இட்டு, குடிநீரும் கழுவுநீரும் எச்சில் கலமும் எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் எஞ்சிய உணவை வேண்டுமாயின் உண்பார். வேண்டாவிடின் பசும்புல் இல்லாத இடத்திலோ உயிர்கள் இல்லாத நீரிலோ கொட்டுவார். பின்னர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி இடத்தைப் பெருக்குவார். நீர்க்குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் எவரோ அவரே அதனை நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடின் கையசைத்து மற்றொருவரை அழைப்பார். இருவரும் வாய் திறவாமலே சேர்ந்து தூக்கி வைப்பர். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுதும் மூவரும் அமர்ந்து தம்மம் பேசுவர்.

கோசம்பியில் ஒரு கலத்தில் எஞ்சிய சிறிது நீர் சங்கத்தைப் பிளந்தது. மூங்கில் வனத்தில் ஒரு குடம் நீரை இருவர் தூக்கினர், அன்பு வளர்ந்தது. இல்லை என்னும் சொல்லை அறியாதிருந்த செல்வமகன், குடத்தில் நீர் இல்லை என்பதைக் கண்டதும் பிறர் ஏவாமலே நிரப்பும் பெரியவராகிவிட்டார்.

ஒற்றுமையோடு நின்றுவிட்டதா அவர்கள் வாழ்வு? இல்லை. தியானத்தில் தோன்றும் ஒளி நிலையாமல் மறைவதை அவர்கள் ஒளியாமல் எடுத்துரைத்தனர். பகவர் உள்ளத்தைக் குலைக்கும் பதினொரு மாசுகளை விளக்கி அருளினார். தம் குறையை அஞ்சாமல் சொல்ல இடமிருப்பதே நல்லினத்தின் அடையாளம்.

கோசம்பியின் இல்லறத்தாரோ, பூசலிட்ட பிக்குகளுக்கு வணக்கமும் உணவும் தருவதை நிறுத்தினர். அதன்பின் அவர்கள் சாவத்தி சென்று பகவர் முன்னிலையில் இணங்கினர். சங்கம் பிழைபட்டபோது அதனைத் திருத்தும் கடமை இல்லறத்தார்க்கும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

அநுருத்தர் நெடுநாள் வாழ்ந்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் படுத்துறங்காமல் அமர்ந்தே இரவைக் கழிக்கும் நோன்பு பூண்டவர் அவர் என்பது தேரகாதையால் அறியப்படும். குசிநாரையில் பகவர் பரிநிர்வாணம் அடைந்தபோது, கதறியழுத பிக்குகளைத் தேற்றி, அவ்விரவில் எஞ்சிய பொழுதை ஆனந்தருடன் தம்மம் பேசிக் கழித்தவர் அவரே. பின்னர் வச்சி நாட்டு வேளுவ கிராமத்தில், ஒரு மூங்கிற் புதரின் நிழலில், அவர் வாழ்வு நிறைவெய்தியது.

1898ஆம் ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தபின், கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் இரங்கூனிலும் தமிழ்ப் பௌத்தர் சங்கமாகக் கூடினர். கூடுவது எளிது, கூடியிருப்பதே அரிது. கொள்கை வேற்றுமையினும், வெறுங்குடத்தை நிரப்புவது யார் கடமை என்னும் வழக்கே சங்கங்களைப் பெரிதும் தளர்விப்பது. நம் விகாரையில் அடுத்த முறை குடம் வெறுமையாயிருக்கக் கண்டால், அநுருத்தரை நினைந்து நாமே எடுத்துச் செல்வோமாக. கனமாயிருந்தால், பக்கத்தில் இருப்பவரைக் கையசைத்து அழைப்போமாக.