சர்ஜன் ஜெனரல் மேரி புன்னன் லூக்கோஸ்

திருவனந்தபுரம் தைக்காடு ஆஸ்பத்திரியை நம் அங்கத்தினர்களில் பலர் அறிந்திருப்பார்கள். கரமனையிலோ கோட்டைக்குள்ளோ பூர்வீகம் உள்ள குடும்பம் என்றால், இன்று மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், யாராவது ஒருவர் அங்கே பிறந்திருப்பார். அந்த ஆஸ்பத்திரியை நம்பிப் பிரசவத்துக்குப் போகலாம் என்ற எண்ணத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். நான் வசிக்கும் வாளையார் பக்கத்தில் அவர் பெயரை அதிகம் பேர் அறியார். 1956 வரை இது சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லா. திருவிதாங்கூர் வேறு சமஸ்தானம். கரமனையில் பிறந்த என் மாமியார் சொல்லித்தான் நானே முதலில் கேள்விப்பட்டேன்.

கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் 2-8-1886 அன்று பிறந்தவர். தகப்பனார் டாக்டர் புன்னன் திருவிதாங்கூர் அரண்மனை வைத்தியர். மெட்ரிகுலேஷனில் நல்ல தேர்ச்சி பெற்றும், பெண் என்ற காரணத்தால் மகாராஜா கல்லூரியில் சயன்ஸ் பிரிவில் இடம் தர மறுத்துவிட்டார்கள். பி.எஸ்ஸி. படித்த எனக்கு இதை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. வேறு வழியின்றிச் சரித்திரம் எடுத்துப் படித்து, 1909-ல் சென்னைப் பல்கலைக்கழக பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று எம்.பி.பி.எஸ். முடித்தார். டப்ளின் ரொட்டண்டா ஆஸ்பத்திரியில் பிரசவ சிகிச்சையிலும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியத்திலும் பயிற்சி எடுத்துக்கொண்டு, தகப்பனார் காலமான 1916-ஆம் வருஷமே ஊர் திரும்பித் தைக்காட்டில் பொறுப்பேற்றார்.

அந்நாளில் பிரசவம் என்றால் வீட்டில்தான். நம் வீடுகளில் தீட்டு, மடி என்ற விஷயமும் சேர்ந்துகொள்ளும். கேஸ் மிகவும் சிக்கலான பிறகே ஆஸ்பத்திரி நினைவு வரும். ஊர் மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை லூக்கோஸ் அம்மையார் புரிந்துகொண்டார். அவர்களுடைய பிள்ளைகளுக்கே பிரசவப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்து, அவர்களின் ஆதரவைப் பெற்றார். கத்தியை எடுக்கும் முன்பே அவர் செய்த நிர்வாக வேலை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

1920-ல் சிசேரியன் ஆபரேஷன் செய்தார். கேரளத்தில் அதுவே முதல் என்று குறிப்பிடுகிறார்கள். திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929-ல். சல்ஃபா மருந்துகள் வந்தது 1930-களின் மத்தியில், பென்சிலின் அதற்கும் பிறகு. சீழ் பிடித்தால் கொடுக்க மருந்தில்லாத காலத்தில் வயிற்றைத் திறப்பதற்கு எவ்வளவு துணிவும் சுத்தமும் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கையை நாற்காலியில் உட்கார வைக்கலாமா? முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நன்றாக வேலை செய்கிறவரைத் தூக்கி மேலே வைப்போம். அவரும் இண்டெண்ட், பட்ஜெட், டிரான்ஸ்பர் மனுக்களில் மூழ்கிவிடுவார். ஒரு நல்ல சர்ஜனை இழந்து, ஒரு சுமாரான அதிகாரியைப் பெற்ற கதைகளும் உண்டு.

அம்மையார் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. 1924-ல் தற்காலிகமாகவும், சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த 1938-ல் முழுமையாகவும் திருவிதாங்கூர் மருத்துவ இலாகாவின் தலைமை அவரிடம் வந்தது. பதவியின் பெயரே சர்ஜன் ஜெனரல். 32 சர்க்கார் ஆஸ்பத்திரிகள், 40 டிஸ்பென்சரிகள், 20 தனியார் நிலையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அமெரிக்காவில் அதே பெயருள்ள பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-ல்தான். இரண்டும் ஒரே மாதிரியான உத்தியோகம் அல்ல. ஆனாலும் 52 வருஷ இடைவெளி சாதாரணமல்ல.

நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் அமைத்தது அவர் செய்த பெரிய காரியம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். அதற்கு முன் காச நோயாளிக்கு ஓய்வு, நல்ல காற்று, சத்துள்ள ஆகாரம், மற்றவர்களுக்குத் தொற்றாமல் தனிப்படுக்கை, இவைதான் முக்கிய வைத்தியம். இதில் சர்ஜனின் கத்திக்கு வேலை குறைவு. நிலமும் கட்டிலும் பாலும் நர்ஸும் கஜானாவிலிருந்து பணமும் வேண்டும். அதாவது ஃபைலில் போடும் கையெழுத்தே அங்கே சிகிச்சை. திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே-ரேடியம் நிலையம் வந்ததும் அவர் முயற்சியால்தான். ரேடியம் என்பது ஒரு டாக்டர் சொந்தப் பணத்தில் வாங்கக்கூடிய பொருளா என்ன!

சமஸ்தான சட்டசபையில் நியமனம் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. மகாராஜா அளித்த பட்டம் வைத்யசாஸ்த்ர குசலா. பத்மஸ்ரீ கிடைத்தது 1975-ல், வயது 88 ஆனபோது. மறு வருஷம் அக்டோபர் 2-ந் தேதி காலமானார். அவர் சானடோரியம் அமைத்த நாகர்கோவில் அதற்கு இருபது வருஷம் முன்பே, 1956-ல், தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. அதே நவம்பர் முதல் தேதிதான் எங்கள் வாளையாரும் கேரளத்தோடு சேர்ந்தது.