கால்பந்தைத் துறந்த பல்கலைக்கழகம்

பொருளியல் கற்பித்தவர்களுக்குச் சிகாகோ பல்கலைக்கழகம் என்றதும் நோபல் பரிசு பெற்றவர்களின் நீண்ட வரிசை நினைவுக்கு வரும். எனக்கு அதன் தலைவராக இருந்த ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸும் நினைவுக்கு வருவார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பை விட்டு மற்றொன்றுக்குத் தாவும் செய்திகளைப் படிக்கும்போது, அவர் வாழ்க்கை தனிப் பொருள் பெறுகிறது.

1899-இல் புரூக்ளினில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் ஹட்சின்ஸ். முதல் உலகப் போரின்போது இத்தாலியில் ஆம்புலன்ஸ் படையில் பணியாற்றினார். முப்பது வயதை எட்டுமுன்பே யேல் சட்டப் பள்ளியின் தலைமை அவரிடம் வந்தது. 1929-இல், 30-ஆம் வயதில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சிறந்த மூலநூல்களைப் படித்து விவாதிப்பதே உயர்கல்வியின் உயிர் என்பது அவரது கொள்கை.

அவர் பொறுப்பேற்ற பல்கலைக்கழகமோ கால்பந்தில் பெரும்புகழ் பெற்றது. 1896-இல் தோன்றி, பின்னாளில் ‘பிக் டென்’ என்று அழைக்கப்பட்ட கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று அது. நாற்பது ஆண்டுகள் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். எழுபது வயதில் ஓய்வு என்ற விதியை அவருக்காகத் தளர்த்த ஹட்சின்ஸ் மறுத்தார். 1935-இல் முதல் ஹெய்ஸ்மன் விருதை வென்ற ஜே பெர்வாங்கரும் சிகாகோ மாணவரே. ஆனால் 1939-இல் மிச்சிகனிடம் அந்த அணி 85–0 என்று தோற்றது.

வெல்ல வேண்டுமானால் படிப்பின் தரத்தைத் தளர்த்தி வீரர்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஹட்சின்ஸ் உடன்படவில்லை. அவரது வற்புறுத்தலால் அந்த ஆண்டு டிசம்பரில் அறங்காவலர்கள் கால்பந்தையே கைவிட்டனர். தோற்றுக்கொண்டிருந்த அணியைக் கலைப்பது எளிது என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் பழம்பெருமையைக் காட்டி அணியைக் காத்துக்கொள்ளும் வழியும் அவருக்குத் திறந்தே இருந்தது.

ஆட்டம் நின்றுபோன மைதானத்தின் பார்வையாளர் மாடத்தின் அடியில்தான் 1942-இல் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. 1946-இல் சிகாகோ கூட்டமைப்பிலிருந்தும் விலகியது. காலியான இடத்துக்கு 1949-இல் மிச்சிகன் ஸ்டேட் வந்தது. சந்தை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அந்தக் கூட்டமைப்பில் இன்று 18 உறுப்பினர்கள். தொலைக்காட்சி உரிமத் தொகையின் ஈர்ப்பால் 2024-இல் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்கள் நான்கு அதில் இணைந்தன. அவை இருந்த பாக்-12 கூட்டமைப்பில் அந்த ஆண்டு இரண்டே உறுப்பினர்கள் எஞ்சினர். லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் ஒரு போட்டிக்காக நியூ ஜெர்சிவரை பறக்கிறார்கள். பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவு தனித்தனியே நியாயமானது. அவற்றின் கூட்டு விளைவையோ எவரும் விரும்பியதில்லை. பொருளியலாளர்களுக்கு இது பழகிய முடிச்சு.

ஹட்சின்ஸ் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அதிலிருந்து தன் நிறுவனத்தை மட்டும் விடுவித்தார். 1951-இல் பதவியை விட்டு விலகிய அவர், 1977-இல் சாண்டா பார்பராவில் மறைந்தார். 1969-இல் கால்பந்து சிகாகோவுக்குத் திரும்பியது. ஆனால் விளையாட்டு உதவித்தொகை இல்லாத சிறிய பிரிவில். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது. கூட்டமைப்பை விட்டால் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சும் நிர்வாகிகள், சிகாகோவின் மதிப்பு எங்கும் போய்விடவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.