"3 கண்" கார் செய்தவர் கோர்ட்டு படி ஏறிய கதை

அமெரிக்காவில் 2012-ம் ஆண்டு, 1948-ம் வருஷத்து பழைய கார் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 29 லட்சம் டாலருக்கு மேல் போனது! அதைச் செய்தவரோ கம்பெனியைப் பறிகொடுத்துவிட்டு செத்தவர். பெயர் பிரஸ்டன் டக்கர். பேரே டக்கர்தான்!

அவரைப்பற்றிய விவரம் வருமாறு:-

1903-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். கார் கம்பெனியில் ஆபீஸ் பையன். பிறகு போலீஸ்காரர். வண்டியை வேகமாக விரட்டலாமே என்றுதான் போலீசில் சேர்ந்தாராம்!

2-வது உலகப்போர் முடிந்ததும் சிகாகோவில் பெரிய ஆலையைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாக கார் செய்தார்.

3-வது கண்

காரின் முன்பக்கம் நடுவில் 3-வது விளக்கு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் விளக்கும் கூடவே திரும்பும். வளைவில், இருட்டில் நிற்கிற ஆள் தெரிவான். என்ஜின் பின்பக்கம். மோதினால் முன்கண்ணாடி வெளியே கழன்று விழும், முகத்தைக் கிழிக்காது.

ஆனால் கார் வரும் முன்பே ரேடியோ, சீட் கவர் என்று ஜனங்களிடம் விற்று காசு பார்த்தார். அங்கேதான் மாட்டிக்கிட்டார். மோசடி வழக்கு பாய்ந்தது. கூட்டாளிகள் 7 பேரும் சிக்கினார்கள்.

விடுதலை

1950 ஜனவரி 22-ந் தேதி ஜூரிகள் 8 பேரையும் விடுதலை செய்தனர். என்ன பிரயோசனம்? ஆலை போயாச்சு. செய்தது மொத்தம் 51 கார்தான்.

பெரிய கம்பெனிகளின் சதி என்று சொல்வோர் உண்டு. ஆனால் இல்லாத காருக்கு சீட் கவர் விற்றதும் நிஜம்தானே!

1956 டிசம்பர் 26-ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 53. அதற்குள் பிரேசில் நாட்டில் அடுத்த கார் செய்ய திட்டம் போட்டிருந்தார், மனுஷன்!